1975ஐயும் 1976ஐயும் ஒன்றாக்க வேண்டாம்

மேலே ஒருவர், "எமர்ஜென்சி வந்த அன்றே மாநில அரசும் சேர்ந்து வடசென்னைக் கல்லூரி மாணவர்களின் கவியரங்கம், பட்டிமன்றம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது" என்கிறார். காலவரிசையே இடிக்கிறது.

அறிவிப்பு வந்தது 1975 ஜூன் 25 இரவு. அப்போது கோட்டையில் இருந்தது கலைஞர் ஆட்சி; திமுக செயற்குழு உடனே கண்டனத் தீர்மானம் போட்டது. பத்திரிகைத் தணிக்கை டெல்லி கொண்டுவந்தது, அது இங்கேயும் பாய்ந்தது, முரசொலியும் தப்பவில்லை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் திமுகவினரை மிசாவில் (விசாரணையில்லாமல் சிறையில் வைக்கும் சட்டம்) அள்ளிக்கொண்டு போனது, 1976 ஜனவரி 31இல் ஆட்சியைக் கலைத்த பிறகு. சென்னை மத்தியச் சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். ஆக, 1975 அக்டோபரில் மேடையேறிய மாணவனும் 1976 மார்ச்சில் ஏறியவனும் ஒரே சூழலில் பேசவில்லை. விழா எந்த மாதம் என்று சொல்லாமல் "தடை" என்று எழுதுவது சும்மா அடித்துவிடுவது.

அப்புறம் அந்த நக்கல்: "வடசென்னையில் அப்போது கல்லூரி ஏது?" பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயா கல்லூரி 1950லேயே வந்துவிட்டது. பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரியும் இருந்தது.