கொஞ்சம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதாம்!

“கொஞ்சம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது.” இந்த வார்த்தையை, கோதுமையே ஆகாத என் மகளைப் பார்த்து இனி யாராவது சொன்னா நான் சும்மா விடப்போறதில்ல. டீச்சர் சொல்லியாச்சு, கேன்டீன்ல சொல்லியாச்சு, மத்த பிள்ளைங்களோட அம்மாக்களும் சொல்லியாச்சு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

இந்த வாரம் அவ வகுப்புல ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். கேக் வெட்டியிருக்காங்க. என் மகளுக்குக் கேக் ஆகாதுன்னு டீச்சருக்குத் தெரியும். அதனால அதே கத்தியால மேல இருந்த க்ரீமை மட்டும் வழிச்சு அவ தட்டுல வச்சிருக்காங்க. க்ரீமோட கேக் தூளும் ஒட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டுட்டா. ராத்திரி பூரா வாந்தி. போன் பண்ணிக் கேட்டா, “நான் கேக்கே கொடுக்கலையே மேடம், பாவம் குழந்தை ஏங்கிப் போயிடக் கூடாதுன்னுதான்…”ன்னு இழுக்கிறாங்க. அவங்க நல்ல மனுஷிதான். நல்ல மனசோட செஞ்சதாலேயே நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?

அவளுக்கு இருக்கிறது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை இந்த மூணு தானியத்துலயும் இருக்கிற குளூட்டன்ங்கிற புரதம் உள்ள போனா, அவ உடம்போட எதிர்ப்பு சக்தியே அவ சிறுகுடலைத் தாக்கும். சத்தை உறிஞ்சுற குடல் உறிஞ்சிகள் தேஞ்சு தட்டையாயிடும். அப்புறம் என்ன ஊட்டினாலும் உடம்புல ஒட்டாது. நோய் என்னன்னு தெரியறதுக்கு முன்னாடி அவ உயரம் அப்படியே நின்னு போயிருந்தது. இரும்புச்சத்து டானிக் பாட்டில் பாட்டிலா காலியாகியும் ரத்தசோகை தீரல. “பிள்ளைக்குச் சரியா சாப்பாடு போடறதில்லையா?”ன்னு கேட்டவங்களும் உண்டு, அது தனிக் கதை. இதுக்கு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டன் இல்லாத சாப்பாடு ஒண்ணுதான் மருந்து. ஒல்லியாகறதுக்கு யாரோ கோதுமையை விட்டாங்களாமே, அதோட இதைச் சேர்த்துப் பேசாதீங்க.

கொஞ்சம்னா எவ்வளவு கொஞ்சம்? சொல்றேன், கேளுங்க. குளூட்டன் இல்லாததுன்னு ஒரு பண்டத்துக்கு முத்திரை போடணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக் கூடாதுன்னு சர்வதேச உணவுத் தர விதி சொல்லுது. சீலியாக் உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம்தான் எல்லைன்னு மருத்துவர்கள் சொல்றாங்க. ஒரே ஒரு ப்ரெட் துண்டுல ஏறக்குறைய 2 கிராம் இருக்கும். அந்தத் துண்டை இருநூறாப் பிச்சு அதுல ஒரு துணுக்கை எடுத்தாலே அவ கணக்கு முடிஞ்சுபோச்சு. இப்போ சொல்லுங்க, கத்தியில ஒட்டின தூள் கொஞ்சமா?

இன்னொண்ணு, ஒவ்வொரு தடவையும் வாந்தி வராது. சில நாள் ஒண்ணுமே தெரியாது, சிரிச்சுக்கிட்டு விளையாடிக்கிட்டு இருப்பா. உள்ளுக்குள்ள குடல் மட்டும் புண்ணாகிட்டே இருக்கும். பல மாசம் கழிச்சு ரத்தப் பரிசோதனையில ஆன்டிபாடி அளவு ஏறி நிக்கும்போது, எந்த நாள், எந்தக் கரண்டின்னு நான் யாரைப் போய்க் கேக்கிறது? “அன்னைக்குச் சாப்பிட்டா, நல்லாத்தானே இருந்தா”ன்னு தயவுசெஞ்சு என்கிட்ட வராதீங்க.

கேன்டீன்ல “இதுல கோதுமையே இல்லீங்க”ன்னு சத்தியம் பண்றாங்க. எட்டிப் பார்த்தா, மைதா மாவுல முக்கின பண்டம் வெந்த எண்ணெயிலதான் இதுவும் வேகுது. சாஸ் பாட்டிலைத் திருப்பிப் படிச்சா சோயாவோட கோதுமையும் இருக்கு. “அதான் கொதிச்சுடுச்சே, எல்லாம் செத்துடும்”ங்கிறாங்க. குளூட்டன் கிருமியா சாகறதுக்கு? அது புரதம். கொதிச்சாலும் போகாது, சானிடைசர் தடவினாலும் போகாது. சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவணும், அவ்வளவுதான். கைவேலை வகுப்புல உருட்டுற வண்ண மாவுலகூடக் கோதுமை இருக்கு. உருட்டின கையைக் கழுவாம வாயில வைக்கிற வயசு அது.

இதெல்லாத்தையும் விட எனக்குப் பத்திக்கிட்டு வர்றது ஒண்ணு. “நீதாம்மா வேணாம்னு சொல்லியிருக்கணும்”னு அவளையே சொல்றாங்க. ஏழு வயசுப் பிள்ளை! பெரியவங்க கொடுத்தா மறுக்கக் கூடாது, டீச்சர் சொன்னா கேக்கணும்னு நீங்களே சொல்லிக் கொடுத்துட்டு, டீச்சர் நீட்டுற தட்டைத் தள்ளிவிடற பொறுப்பையும் அவ தலையில கட்டுவீங்களா? “இதுல என்ன இருக்கு?”ன்னு அவ கேப்பா. எல்லாத்தையும் கேக்க வீட்டுல சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்புறேன். பதில் சொல்ற பெரியவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்க வேணாமா?

சண்டை போட்டா அடுத்து ஒரு யோசனை வருது. “தனி மேசை போட்டு உக்கார வச்சிடறோம், பாதுகாப்பா இருக்கும்.” எதுக்கு? அவளுக்கு இருக்கிறது தொத்து வியாதியா? பக்கத்துப் பிள்ளை ப்ரெட் சாப்பிட்டா இவளுக்கு ஒண்ணும் ஆகாது. மேசையைத் துடைங்க, கையைக் கழுவ வைங்க, ஒருத்தர் டப்பாவுல இன்னொருத்தர் கை வைக்காம பாத்துக்கங்க. தோழிங்க நடுவுல உக்காந்து சாப்பிடட்டும். பிறந்தநாள்னா முதல் நாளே எனக்கு ஒரு வரி அனுப்புங்க, அவளுக்கான கேக்கை நானே செஞ்சு கொடுத்து விடறேன். இதுக்கு ஒரு பைசா செலவில்ல.

சேர்க்கும்போதே டாக்டர் லெட்டர் கொடுத்திருக்கேன். அது ஆபீஸ் ஃபைல்ல பத்திரமா தூங்குது. டீச்சர் லீவுல போனா, பதிலுக்கு வர்றவங்களுக்கு இப்படி ஒரு பிள்ளை இருக்கிறதே தெரியல. திங்கக்கிழமை காலைல அதோட நகல்களை எடுத்துக்கிட்டு நானே வர்றேன். வகுப்பு வருகைப் பதிவேட்டுல ஒண்ணு, கேன்டீன் கதவுல ஒண்ணு. என் கண் முன்னாடி ஒட்டுற வரைக்கும் அந்த ஆபீஸை விட்டு நகர மாட்டேன்.