பம்ப் ஆபரேட்டர் கேட்ட கேள்வி

ஓர் அரசுத் துறையின் பயிற்சிப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். ஆள் அனுப்பச் சொல்லிக் கிளை அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதுவது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது, சான்றிதழ் அச்சடிப்பது, ஆண்டு முடிவில் இத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம் என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவது. அந்த அறிக்கைகளில் நான் பொய் எழுதியதில்லை. எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஆனாலும் இன்று அவற்றை நினைத்தால் மனசு உறுத்துகிறது.

ஒருமுறை அலுவலக நடைமுறை பற்றிய இரண்டு நாள் வகுப்பு நடத்தினோம். யாரை அனுப்புவது என்று தெரியாமல், அன்றைக்கு ஷிஃப்ட் இல்லாத ஒரு பம்ப் ஆபரேட்டரை ஒரு கிளையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கடைசி வரிசையில் இரண்டு நாளும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் சான்றிதழை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "சார், குளோரின் போடறதுல ஒரு சந்தேகம். இருபது வருஷமா ஒரே அளவுதான் போடறேன். எனக்கு முன்னாடி இருந்தவர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். மழைக்காலத்துல மாத்தணுமா? இதை யார்கிட்ட கேக்கறது?" அவருடைய அதிகாரியைக் கேட்கச் சொன்னேன். "அவர் மாறுதல்ல வந்து மூணு மாசம்தான் ஆகுது. அவரே என்னைத்தான் கேக்கறார் சார்" என்றார்.

அவர் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்பது பல ஆண்டுகள் கழித்து, கனடாவின் வாக்கர்டன் நகரத்தில் நடந்ததைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஒன்டாரியோ மாகாணத்தில் ஐயாயிரம் பேர் வசிக்கும் சிறிய ஊர் வாக்கர்டன். 2000ஆம் ஆண்டு மே மாதம் அங்கே பெருமழை பெய்தது. ஊருக்கு நீர் தந்த கிணறுகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்த பண்ணையின் மாட்டுச் சாணத்திலிருந்து ஈ.கோலை கிருமி அந்தக் கிணற்றுக்குள் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். விசாரணை நடத்திய நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் 2002இல் இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். பொதுத்துறையில் பயிற்சி என்ற சொல்லைக் கையாளும் எல்லாரும் அதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த ஊரின் நீர் நிலையத்தை நடத்தியவர்களிடம் சான்றிதழ் இருந்தது. தேர்வு எழுதி வாங்கியதல்ல. இத்தனை ஆண்டு வேலை செய்திருக்கிறார்கள் என்பதற்காகவே கொடுக்கப்பட்டது. ஆண்டுக்கு 40 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்ற விதியும் இருந்தது; அதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. தண்ணீரில் குளோரின் வாசனை வருகிறது என்று ஊர்க்காரர்கள் குறை சொன்னதால் அளவைக் குறைத்தார்கள். தினமும் அளக்க வேண்டியதை அளக்காமலே பதிவேட்டில் எண்களை எழுதினார்கள். என்னை உலுக்கிய செய்தி வேறொன்று: கிணற்று நீர் அப்படியே குடிக்கும் அளவுக்குச் சுத்தம் என்று அவர்கள் உண்மையிலேயே நம்பினார்கள். சுத்திகரிக்காத அந்தத் தண்ணீரைத் தாங்களே குடித்தும் வந்தார்கள்.

அவர்கள் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. பொய்ப் பதிவு பொய்ப் பதிவுதான். கிருமி இருக்கிறது என்று ஆய்வக முடிவு வந்த பிறகும் பொறுப்பாளர் அதைச் சுகாதாரத் துறையிடம் மறைத்தார். பயிற்சி இல்லாதது மட்டுமே காரணம் என்று அறிக்கையும் சொல்லவில்லை. மாகாண அரசின் செலவுக் குறைப்பையும், மேற்பார்வையில் இருந்த ஓட்டைகளையும் நேராகவே குற்றம் சாட்டியது. ஆனால் அந்தத் தவறான பழக்கங்கள் அந்தப் பொறுப்பாளர் பதவிக்கு வருவதற்கு முன்பே அங்கே இருந்தன. சீனியர் செய்ததைப் பார்த்து ஜூனியர் செய்தார், அவரைப் பார்த்து அடுத்தவர் செய்தார். கிணற்றுக்குள் மேற்பரப்பு நீர் இறங்கும் ஆபத்து உண்டு, அதனால் குளோரின் அளவைத் தொடர்ந்து கண்காணிக்கும் கருவி வேண்டும் என்பதைக் கண்டுகொள்ளும் பயிற்சி அந்தப் பொறுப்பாளருக்கு இல்லை என்று நீதிபதி எழுதினார்.

சரி, இப்போது எங்கள் ஆபரேட்டரின் கேள்விக்கு வருகிறேன். தண்ணீரில் போடும் குளோரினில் ஒரு பகுதி, அங்கே இருக்கும் கிருமிகளோடும் மற்ற கழிவுகளோடும் சண்டை போட்டே தீர்ந்துவிடும். சண்டை முடிந்து மிச்சம் நிற்பதுதான் குழாய் வழியே போய் வீடு வரைக்கும் காவல் காக்கும். மழைக்காலத்தில் கலங்கலும் அழுக்கும் கூடும்போது செலவாகும் பகுதியும் கூடும். அதே அளவைப் போட்டால் மிச்சம் எதுவும் இல்லாமல் போகலாம். எனவே எவ்வளவு போட்டோம் என்று எழுதி வைத்தால் போதாது, எவ்வளவு மிஞ்சியது என்று அளக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு காலைப்பொழுது போதும், அதுவும் அவர் வேலை செய்யும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே. இருபது வருஷத்தில் அந்த ஒரு காலைப்பொழுது அவருக்குக் கிடைக்கவில்லை. அலுவலக நடைமுறை பற்றி இரண்டு நாள் கிடைத்தது. என் அறிக்கையில் அவர் "பயிற்சி பெற்றவர்".

"வேலையில் சேர்ந்தால் தானாகக் கற்றுக்கொள்வார்கள்" என்று பெரிய அதிகாரிகள் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன். கற்றுக்கொள்வார்கள்தான். நல்லதைக் கற்பது போலவே கெட்டதையும் கற்றுக்கொள்வார்கள், எது எது என்று பிரித்துச் சொல்ல ஆள் இருக்காது. மறுபக்கம், வகுப்பறை மட்டும் இருந்தால் கை பழகாது. ஜெர்மனியில் இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். தொழிற்பயிற்சிக்கென 1969இல் அவர்கள் இயற்றிய சட்டப்படி, பயிற்சி பெறுபவர் வாரத்தின் பெரும்பகுதி வேலை இடத்தில் இருப்பார், மீதி நாள் தொழிற்பள்ளியில் படிப்பார். இது தொழிற்சாலைகளோடு நின்றுவிடவில்லை. நகராட்சி அலுவலகத்தின் நிர்வாக எழுத்தர் வேலைக்கே அங்கே மூன்று ஆண்டுத் தொழிற்பயிற்சி உண்டு. நீர் வழங்கலுக்கும் அப்படியே. கோப்பு பார்ப்பதும் பம்பு இயக்குவதும் முறையாகப் பழகி, தேர்வு எழுதித் தேற வேண்டிய தொழில்கள் என்று ஒரு சமூகம் ஒப்புக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. சொல்லிக் கொடுப்பவருக்கும் அங்கே தகுதித் தேர்வு உண்டு. நன்றாக வேலை தெரிந்த எல்லாருக்கும் நன்றாகச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது என்பதை வகுப்புகளுக்கு ஆள் தேடி அலைந்த எனக்கு நன்றாகத் தெரியும்.

பயிற்சி வேண்டும் என்று கீழே இருப்பவர் கேட்டும் மேலே கேட்காமல் போவதும் உண்டு. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தில் 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க நீர் ஆதாரத்தையே மாற்றி, ஆற்று நீரைச் சுத்திகரித்து விட முடிவு செய்தார்கள். மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பு, நிலையத்தின் நீர்த்தரப் பொறுப்பில் இருந்தவர் மாநில அதிகாரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கூடுதல் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க எனக்கு நேரம் வேண்டும், அதற்குள் தண்ணீர் விட்டால் அது என் சம்மதம் இல்லாமல் நடப்பது என்பது அதன் சாரம். ஏப்ரல் 25 அன்று திட்டமிட்டபடியே தண்ணீர் திறந்துவிடப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படவில்லை. பழைய ஈயக் குழாய்கள் அரித்து ஈயம் குடிநீரில் கலந்தது. அப்போது ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழ்ந்த ஊர் அது. பழைய நீர் ஆதாரத்துக்குத் திரும்ப 2015 அக்டோபர் வரை ஆனது. அந்த மின்னஞ்சலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. நேரம் கொடுங்கள் என்றுதானே கேட்டார்.

கைவேலை செய்பவர்களைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை. மேசை வேலையிலும் இதே கதைதான். கனடா மத்திய அரசு தன் ஊழியர்களின் சம்பளத்தை ஃபீனிக்ஸ் என்ற கணினி அமைப்புக்கு மாற்றியது. துறை துறையாக இருந்த சம்பளப் பிரிவு ஊழியர்கள் 1,200 பேரின் பணியிடங்களை நீக்கிவிட்டு, ஒரே ஊரில் ஏறக்குறைய 550 பேரை வைத்து மையம் திறந்தார்கள். ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்கு. 2016 பிப்ரவரியில் அமைப்பு ஓடத் தொடங்கியதும் சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்குக் குறைவாக, சிலருக்கு அதிகமாக வந்தது. 2017 நடுவில் ஒன்றரை லட்சம் ஊழியர்களின் சம்பளச் சிக்கல்கள் தீராமல் நின்றன. மகப்பேறு விடுப்பு, தற்காலிகப் பதவி உயர்வு, பாதியில் துறை மாறியவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நெளிவு சுளிவு உண்டு. அது பழைய எழுத்தர்களின் தலைக்குள் இருந்தது. அவர்களை அனுப்பியபோது அதுவும் போனது. சேமிப்புக் கணக்குப் போட்ட தாளில் அதற்கு ஒரு வரிகூட இருந்திருக்காது.

2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி ஆளுநர், கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டதும் இப்படித்தான். வேலையிழந்தோருக்கான உதவித்தொகைக் கணினி நாற்பது ஆண்டுக்கு மேல் பழையது. அதை அறிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போன பிறகு, கொரோனாவில் விண்ணப்பங்கள் குவிந்த நேரத்தில் ஆள் தேட வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் வெளி ஒப்பந்தம் விட்டால் போதும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒப்பந்தம் விடுவதற்கும் திறன் வேண்டும். டெண்டரில் என்ன கேட்பது, வந்த வேலை சரியா, பில்லில் இருக்கும் அளவு நிஜமா என்று பார்க்க, அந்த வேலை தெரிந்த ஒருவராவது உள்ளே இருக்க வேண்டும். அவரும் இல்லாத அலுவலகம் ஒப்பந்ததாரர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும்.

எங்கள் பிரிவில் என்ன தப்பு நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பவர் 1959இலேயே, பயிற்சியை நான்கு படியில் அளக்கலாம் என்றார்: வந்தவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் விளைவு மாறியதா. நாங்கள் முதல் படியோடு நின்றோம். கடைசி நாள் ஒரு படிவம் கொடுப்போம், எல்லாரும் "மிக நன்று" என்று டிக் அடித்துவிட்டு ஊருக்குக் கிளம்புவார்கள். மூன்று மாதம் கழித்து அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பார்க்க எங்களுக்கு ஆளும் இல்லை, பயணப்படியும் இல்லை. கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

அப்புறம், வகுப்புக்கு யார் வந்தார்கள் என்பது. எந்த அலுவலகமும் இன்றியமையாத ஆளை அனுப்பாது. அவர் போனால் வேலை நின்றுவிடும். அதனால் யார் இல்லாவிட்டாலும் பரவாயில்லையோ அவரே வகுப்புக்கு வருவார். இதைச் சுற்றறிக்கையால் மாற்ற முடியாது. வகுப்புக்குப் போகிறவரின் இடத்தில் நிற்க ஒரு மாற்று ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும். பயிற்சி வரவுசெலவில் கணினிக்கும் அரங்கத்துக்கும் பணம் இருந்தது, மாற்று ஆளுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1974இலேயே சம்பளத்துடன் கூடிய கல்வி விடுப்பு என்று தனி உடன்படிக்கையே கொண்டுவந்தது. வேலை நேரத்தில், சம்பளத்தோடு கற்பது சலுகை என்ற பேச்சு ஐம்பது ஆண்டு கழித்தும் ஓயவில்லை.

ஓய்வு பெறுபவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெறும் நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்ததுதான், பணிப்பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கிறது. இருந்தும் அவர் போன பிறகே அந்த இடத்துக்கு ஆள் தேடத் தொடங்குகிறார்கள். ஒரே பணியிடத்தில் ஆறு மாதம் இரண்டு பேர் இருக்க விதி இடம் தர வேண்டும். அந்த ஆறு மாதமும் மூத்தவருக்குக் கற்றுக்கொடுப்பதே வேலையாக இருக்கட்டும், அதற்கு ஒரு படியும் கொடுக்கட்டும். "பயிற்சி கொடுத்தால் தனியாருக்குப் போய்விடுவார்கள்" என்ற பயம் நியாயம்தான், சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் கற்றவர் போவதைவிட, கற்காதவர் முப்பது வருஷம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வது எனக்கு அதிகப் பயத்தைத் தருகிறது.

வாக்கர்டனில் 2004இல் நீர் நிலைய ஊழியர்களுக்கென்றே ஒரு பயிற்சி மையத்தைத் தொடங்கினார்கள். உண்மையான குழாய், பம்பு, கருவிகளை வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அனுபவத்துக்காகச் சான்றிதழ் பெற்றவர்களும் தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்று நீதிபதி பரிந்துரைத்திருந்தார்.

எங்கள் ஆபரேட்டருக்கு அந்தச் சந்தேகத்தை யாராவது தீர்த்து வைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. அவர் பெயரைத் தேடிப் பழைய அறிக்கைகளைப் புரட்டினேன். இருந்தது. வரிசை எண், பெயர், பதவி, "இரண்டு நாள் பயிற்சி முடித்தார்", பக்கத்தில் என் கையெழுத்து.