குழாய் லைனைச் சிறிதாக்கினால் பிரஷர் அதிகரிக்காது

"மேட்டு வீட்டில் தண்ணீர் மெதுவாக வருகிறதா? ஒரு இன்ச் லைனை அரை இன்ச்சாக மாற்றுங்கள், பிரஷர் இரண்டு மடங்காகும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் அழுத்தம். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). குழாய் மூடியிருக்கும்வரை லைனின் அகலத்துக்கு இதில் வேலையே இல்லை. திறந்ததும்தான் வித்தியாசம்: ஒல்லி லைனில் உராய்வு மிக அதிகம், வரும் வழியிலேயே அழுத்தம் கரைந்துவிடும். ஹோஸ் நுனியை விரலால் அடைத்தால் பீய்ச்சி அடிக்கும், சரி; ஆனால் வாளி நிரம்ப நேரம் கூடும்.

நீங்களே சோதிக்கலாம். ஒரு குழாயில் பிரஷர் கேஜ் (அழுத்தம் காட்டும் மீட்டர்) மாட்டிவிட்டு, பக்கத்துக் குழாயைத் திறந்து பாருங்கள். முள் சட்டென்று விழுந்தால் லைன் ஒல்லி, அல்லது அடைப்பு, அல்லது பாதி மூடிய வால்வு. சரிவில் ஏறி இறங்கும் லைனில் மேடான இடத்தில் காற்றும் அடைத்துக்கொள்ளும். அங்கே காற்றை வெளியேற்றும் ஏர் வால்வு வேண்டும். எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போதே கேஜில் அழுத்தம் குறைவென்றால் தொட்டியை உயர்த்துங்கள் அல்லது பூஸ்டர் பம்ப் வையுங்கள்.

அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அதை நம்பி லைனை மாற்றுபவருக்குக் காசும் போகும், தண்ணீரும் குறையும்.