பின்னால் உட்காருபவருக்கு டெஸ்ட் ரைடு கிடையாதா?

நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த மோட்டார் சைக்கிள் ஏதாவது ஒன்றின் விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். மலைப்பாதை, மாலை வெயில், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இரண்டு முகத்திலும் சிரிப்பு. பின்னிருக்கைக்குச் சாய்மானம், கைப்பிடி, சில வண்டிகளில் இருக்கையைச் சூடாக்கும் வசதிகூட. இத்தனையையும் காட்டி ஆசையைக் கிளப்பிவிட்டு, ஓட்டிப் பார்க்கலாம் என்று கணவனும் மனைவியுமாகப் போய் நின்றால், "நீங்கள் மட்டும் போய் வாருங்கள் சார், மேடம் இங்கேயே உட்காரட்டும்" என்கிறார்கள். இருவருக்கான வண்டியை ஒருவரிடம் மட்டும் காட்டி விற்பது என்ன நியாயம்?

காரணம் கேட்டால் "இன்சூரன்ஸ்" என்ற ஒற்றைச் சொல். எந்த இன்சூரன்ஸ், அதில் எந்த விதி என்று கேட்டால் மேனேஜரைக் கேட்க வேண்டுமாம். மேனேஜர் எப்போதும் வெளியே போயிருப்பார். தொலையட்டும் என்று நான் தனியாக வண்டியில் ஏறினால், அதே விற்பனையாளர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "வழி காட்ட நான் வருகிறேன் சார்" என்று என் பின்னால் ஏறி உட்காருகிறார்! கட்டிய மனைவி ஏறினால் செல்லாத இன்சூரன்ஸ் இவர் ஏறினால் மட்டும் எப்படிச் செல்லும்? கேட்டேவிட்டேன். "நாங்கள் கம்பெனி ஆள் சார்" என்றார். அந்த வித்தியாசம் பின்சக்கரத்துக்குத் தெரியுமா?

நாங்கள் கியர் தானாக மாறும் ஆட்டோமேட்டிக் வண்டி தேடியதே என் மனைவிக்காகத்தான். கியர் வண்டியில் நான் கிளட்சைப் பிடித்து கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இழுவை ஒரு கணம் அறுந்து, மறுபடி சேரும். எனக்கு அது தெரியாது. கை தானாகச் செய்கிற வேலை. பின்னால் இருப்பவருக்கு முன்னறிவிப்பே இல்லை. தலை முன்னால் வந்து அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் "டொக்" என்று முட்டும். நாள் முழுக்கப் பயணம் என்றால் எத்தனை டொக் என்று யோசித்துப் பாருங்கள். ஹோண்டா 2010-இல் விஎஃப்ஆர்1200எஃப் வண்டியில் கொண்டுவந்த டிசிடி என்ற இரட்டை கிளட்ச் முறை சரியாக இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச். இப்போதைய கியர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது தயாராகிவிடும். ஒரு கிளட்ச் விடுவதும் மற்றது பிடிப்பதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடப்பதால் இழுவை அறுவதில்லை. அந்த டொக் உண்மையிலேயே நின்றதா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், ஷோரூம் சோபாவில் விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள்.

இதைச் சொன்னால் அடுத்த சாக்கு தயாராக இருக்கிறது. "இது புதிய தொழில்நுட்பம் சார், பழகாமல் ஆளை ஏற்றுவது ஆபத்து." புதிதாம்! மோட்டோ கூட்ஸி நிறுவனம் 1975-இலேயே கன்வெர்ட் என்று, எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த வண்டியை விற்றது. ஹோண்டா 1976-இல் அதே முறையில் சிபி750ஏ என்ற வண்டியை விட்டது. அரை நூற்றாண்டாக இருக்கிற சமாச்சாரம். பழக வேண்டும் என்பது மட்டும் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் முதலில் தனியாக ஒரு சுற்று, பிறகு இருவராக ஒரு சுற்று என்று கொடுக்க வேண்டியதுதானே?

வேறொரு ஷோரூமில் இருவரும் போகலாம் என்றார்கள். வாயெல்லாம் பல்லாகப் போனோம். அங்கே வேறு விதமான கொடுமை. எஞ்சின் ஓடுகிறது, வண்டி டிரைவில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் திருகினாலே கிளம்பிவிடும் நிலையில் நிற்கிறது, "ஏறுங்கள் மேடம்" என்கிறார் அங்கிருந்தவர். கிளட்ச் லீவரே இல்லாத வண்டி அது. ஏறுகிறவர் என் தோளைப் பிடித்து இழுக்க, ஆக்ஸிலரேட்டரில் இருக்கும் என் வலது கை கொஞ்சம் திரும்பினால் போதும், ஒற்றைக் காலில் நிற்கும் மனுஷியோடு வண்டி பாய்ந்துவிடும். பின்னால் இருப்பவர் உட்கார்ந்து முடிக்கும்வரை நியூட்ரலில் வைத்து பிரேக்கைப் பிடித்திருக்க வேண்டும் என்பது இந்த வண்டியின் அரிச்சுவடி. சொல்லிக்கொடுக்க வேண்டியவருக்கே தெரியவில்லை.

பின்பக்க ஸ்பிரிங்கின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, இருவர் எடைக்குக் கூட்டுங்கள் என்றேன். "அது கம்பெனி செட்டிங் சார், தொடக்கூடாது." எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. கூட்டக்கூடாது என்றால் எதற்கு அங்கே கையால் திருகும் குமிழ் வைத்திருக்கிறார்கள்? ஹோண்டாவின் கோல்ட் விங் டூர் வண்டியில் இதற்கு நான்கு நிலைகள் உண்டு: ஒருவர், ஒருவரும் பெட்டியும், இருவர், இருவரும் பெட்டியும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி ஹெல்மெட் படமும் பெட்டிப் படமும் போட்டே வைத்திருக்கிறார்கள். ஒருவர் எடைக்கு வைத்த ஸ்பிரிங்கில் இருவர் ஏறினால் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். வளைவில் வண்டி சோம்பும். முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். பள்ளத்தில் விழும்போது முழு அடியும் பின்னால் இருப்பவர் முதுகெலும்புக்குப் போகும். அப்படி ஓட்டிவிட்டு "மேடத்துக்கு வண்டி பிடிக்கவில்லையா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

அவர்கள் கொடுத்த பாதையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேரான, அகலமான, வழவழப்பான சாலை. அதில் எந்த வண்டியும் சொர்க்கம்தான். ஆட்டோமேட்டிக் வண்டியின் குணம் தெரிவது, இருவரோடு நடைவேகத்தில் வட்டமடித்துத் திரும்பும்போது. கிளட்சைப் பாதி பிடித்துச் சமாளிக்கும் வித்தை இதில் செல்லாது. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விட்டால் இழுவை அறுந்து வண்டி உள்பக்கம் சாயும். சட்டென்று கொடுத்தால் துள்ளும். ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் வைத்து, பின் பிரேக்கை லேசாக உரசவிட்டுத்தான் திருப்ப வேண்டும். எடை வேறு. 2022-இல் வந்த ஹோண்டா என்டி1100-இல் கியர் வண்டி 238 கிலோ, டிசிடி வண்டி 248 கிலோ. அதன் மேல் இரண்டு ஆள். 2025 மாடலில், நகரத் தொடங்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் இன்னும் மென்மையாக இயங்கும்படி மாற்றியிருக்கிறோம் என்று நிறுவனமே சொன்னது. செய்தவர்களே மெனக்கெட்டுத் திருத்திய விஷயத்தை வாங்குகிறவர் சோதிக்கக்கூடாதாம். "யூ டர்ன் வேண்டாம் சார், முன்னால் போய்ச் சுற்றி வந்துவிடுங்கள்."

இவ்வளவுக்கும் நடுவில் அவள் கண்டுபிடித்ததைக் கேளுங்கள். "கியர் மாறுவதே தெரியவில்லை. ஆனால் நீங்கள் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டுப் பிடிக்கும்போதெல்லாம் என் கழுத்து ஆடுகிறது. வண்டி மெதுவாகப் போகும்போது காலடியில் கடகடவென்று அதிர்கிறது." துல்லியம்! டிரைவில் வைத்தால் வண்டி அவசர அவசரமாக மேல் கியருக்கு ஓடிவிடும். எஞ்சின் குறைந்த சுழற்சியில் திணறும் அதிர்வு நேராக பின் ஃபுட்ரெஸ்டுக்குப் போகும். ஸ்போர்ட் என்ற நிலைக்கு மாற்றினேன். கியரைக் கொஞ்சம் நேரம் பிடித்து வைத்தது, அதிர்வு போயிற்று. ஒரு பொத்தானை அமுக்கினால் தீர்கிற விஷயம். நான் தனியாக ஓட்டியிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது, ஏனென்றால் என் காலடியில் அது உறைக்கவில்லை.

இன்னொரு எரிச்சல். கிளட்ச் பிடிக்க வேண்டாத எல்லா வண்டியையும் "ஆட்டோமேட்டிக், எல்லாம் ஒன்றுதான் சார்" என்று ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். ஹோண்டாவின் இ-கிளட்ச் வண்டியில் கியரைக் காலால்தான் மாற்ற வேண்டும், தானாக மாறாது. பிஎம்டபிள்யூவின் ஏஎஸ்ஏ, யமஹாவின் ஒய்-ஏஎம்டி இரண்டும் தானாக மாற்றும், ஆனால் ஒற்றை கிளட்ச். இரட்டை கிளட்ச் போல இழுவை அறாமல் மாற இவற்றுக்கு வழியில்லை. எனக்கு இவை எல்லாம் ஒன்றாக இருக்கலாம். பின்னால் இருப்பவர் கழுத்துக்கு நிச்சயம் ஒன்றல்ல.

நான் கேட்பது ஒன்றும் உலகத்தில் இல்லாத சலுகை அல்ல. பிரீலோடைக் கூட்டி, டயரில் இருவர் எடைக்கான காற்றைச் சரிபார்த்து, மெதுவாகத் திரும்ப ஒரு காலி இடமும் கரடுமுரடான சாலை கொஞ்சமும் சேர்த்து, இருவரையும் அரை மணி நேரம் விடுங்கள். வேண்டுமானால் முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள், கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் ஷோரூமிலிருந்து இப்போது போன் மேல் போன். எப்போது சார் புக் செய்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். மேடத்தை ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. இந்த மாதமே புக் செய்தால் ஹெல்மெட் இலவசம் என்றார்கள். எத்தனை ஹெல்மெட் என்று கேட்டேன். ஒன்றுதானாம்.