தாவர மூலம் என்றால் மட்டும் போதாது

"தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட் என்றால் கடின நீரிலும் நன்றாகத் துவைக்கும்" என்கிறது, துணி துவைக்கும் பொருள்கள் பற்றிய ஒரு கட்டுரை. (சர்ஃபாக்டன்ட் என்பது துணியிலிருந்து அழுக்கைப் பிரித்தெடுக்கும் சேர்மம்; கடின நீர் என்பது கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த நீர்.) பாதிதான் சரி. எண்ணெயில் காய்ச்சும் சோப்பும் தாவரப் பொருள்தானே? கடின நீரில் முதலில் தோற்பது அதுதான். நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். வாளியின் உள்பக்கத்தை விரலால் வழித்தால் வருகிற வெள்ளைப் பிசுக்கும், கறுப்புத் துணி காய்ந்ததும் தெரிகிற சாம்பல் பூச்சும் அதுதான்.

ஆக, எதிலிருந்து எடுத்தது என்பதைவிட மூலக்கூறின் தலைப்பகுதி, அதாவது நீரோடு ஒட்டும் முனை, எப்படிப்பட்டது என்பதே முக்கியம். சர்க்கரையையும் கொழுப்பு ஆல்கஹாலையும் இணைத்துச் செய்யும் ஆல்கைல் பாலிகுளுக்கோசைடு என்ற சர்ஃபாக்டன்டின் தலையில், சோப்பில் இருப்பதுபோல மின்சுமை கிடையாது. அதனால் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்வதில்லை.

ஓலியோ ஃபியூரான் சல்ஃபோனேட் என்ற சர்ஃபாக்டன்டைக் கட்டுரை தொடவே இல்லை என்பதில் எனக்கு வருத்தம். 2016இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பால் டாவன்ஹவர் குழு அதை வெளியிட்டது. சர்க்கரையிலிருந்து வரும் ஃபியூரான் என்ற சேர்மத்தையும் தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலத்தையும் சேர்த்து உருவாக்கியது. மின்சுமை உள்ளதுதான், ஆனாலும் கடினத்தன்மையைக் கட்டுப்படுத்தத் தனிச் சேர்மம் கலக்காமலேயே கடின நீரில் வேலை செய்தது. இது சின்ன விஷயமில்லை. அந்த வேலைக்காகச் சேர்த்த பாஸ்பேட்தான் ஏரிகளில் பாசி மண்டக் காரணமானவற்றுள் ஒன்று.

அப்புறம் ஒரு கோரிக்கை: "கடின நீருக்கு ஏற்றது" என்று அச்சிடும் தயாரிப்பாளர்கள், எவ்வளவு கடினமான நீரில், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் அளவில் சோதித்தார்கள் என்பதையும் உறையிலேயே போடட்டும்.