லாம்டாவை யாரும் கேட்பதில்லை

போன வாரம் பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு வரம்புக்குள் அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும் என்று கண்டுபிடிக்கும் லாக்ராஞ்ச் முறையில் ஒரு பத்து மதிப்பெண் கேள்வி. கையில் 200 ரூபாய் இருக்கிறது, ஒரு பொருள் 2 ரூபாய், இன்னொன்று 5 ரூபாய், எதை எத்தனை வாங்கினால் பயன்பாடு, அதாவது வாங்குபவருக்குக் கிடைக்கும் திருப்தி, அதிகம்? இரண்டு அளவுகளையும் பெருக்கினால் வருவதுதான் பயன்பாடு என்று கேள்வியிலேயே கொடுத்திருந்தது. ஒரு மாணவி வரி பிசகாமல் போட்டிருந்தாள். முதல் பொருள் 50, இரண்டாவது 20 என்று கட்டம் கட்டி முடித்திருந்தாள். நடுவில், இந்த முறையில் துணைக்குச் சேர்த்துக்கொள்ளும் லாம்டா என்ற எண் 10 என்று வந்திருந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். கேள்வித்தாளும் அதைக் கேட்கவில்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

ஆனால் அந்தக் கணக்கின் உயிரே அந்த 10-தான். கையில் இன்னும் ஒரு ரூபாய் இருந்தால் பயன்பாடு எவ்வளவு கூடும் என்பதை அதுதான் சொல்கிறது. போட்டுப் பாருங்கள்: 200 ரூபாயில் பயன்பாடு 1000, 201 ரூபாயில் 1010-க்குச் சற்று மேல். இதே லாம்டா ஒரு தையல் யூனிட்டின் கணக்கில் வந்தால், இன்னும் ஒரு மெஷின் போட்டால் லாபம் எவ்வளவு ஏறும் என்று சொல்லும். அதைவிட அதிகமாக மெஷினுக்கு வாடகை கேட்டால் எடுக்கக்கூடாது. இதைத்தான் நிழல் விலை என்கிறோம். முதலாளி தெரிந்துகொள்ள ஆசைப்படும் எண்ணே அதுதான். எங்கள் வகுப்பில் அது வழியில் வந்துபோகும் ஒரு கிரேக்க எழுத்து, அவ்வளவுதான்.

பொருளியல், வணிகவியல் பிள்ளைகளுக்குக் கணிதம் நடத்தும் விதத்தில் எனக்குள்ள வருத்தம் இதுதான். விடை வந்ததும் பாடம் முடிந்துவிடுகிறது. வந்த விடை என்ன சொல்கிறது என்று பேச நேரமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

இரண்டு வருடம் முன்பு வகுப்பில் ஒரு பையனிடம் வகையிடல் என்றால் என்ன என்று கேட்டேன். "அடுக்கை முன்னாடி போட்டு ஒன்னு கழிக்கணும் சார்" என்றான். அது செய்யும் முறை, அது என்னப்பா என்றேன். பதில் இல்லை. அவன் வீட்டில் இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறார்கள் என்று தெரியும். "தினம் எத்தனை பாக்கெட்?" "நூறு சார்." "நூற்றியோராவது பாக்கெட் போட என்ன செலவாகும்?" அரிசி, உளுந்து, கவர், கொஞ்சம் கரண்ட் என்று விரல் மடக்கி எண்ணினான். "கிரைண்டர் வாங்கின காசு?" "அது ஏற்கெனவே போட்டாச்சே சார், இதுல எப்படி வரும்?"

ஒன்று கூடினால் எவ்வளவு மாறும் என்பதுதான் வகையிடல். மாறிலியை, அதாவது மாறாத எண்ணை, வகையிட்டால் ஏன் பூஜ்யம் என்பதை அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். அப்புறம் நூற்றைம்பது பாக்கெட் வேண்டுமென்றால் என்று கேட்டேன். கிரைண்டர் சின்னது, ராத்திரி இன்னொரு ஈடு போடணும், அம்மாவால் முடியாது, ஆள் வைக்கணும் என்றான். இறுதிநிலைச் செலவுக் கோடு, அதாவது இன்னும் ஒன்று போட ஆகும் செலவைக் காட்டும் கோடு, ஒரு கட்டத்துக்குப் பிறகு ஏன் மேலே வளைகிறது என்று அன்று வகுப்பில் யாருக்கும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று சக ஆசிரியர்களே சொல்லும்போது கோபம் வருகிறது. பிளஸ் டூவில் வணிகக் கணிதம் எடுத்தவர்கள் இறுதிநிலைச் செலவு, விலை மாறினால் வாங்குவது எவ்வளவு மாறும் என்று சொல்லும் தேவை நெகிழ்ச்சி, உள்ளீடு-வெளியீடு பகுப்பாய்வு எல்லாவற்றையும் பதினொன்றாம் வகுப்பிலேயே பார்த்துவிட்டு வருகிறார்கள். பத்தாம் வகுப்போடு கணக்குக்குத் தலைமுழுகிவிட்டு வந்தவர்களும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் நாளே "இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க" என்று சொல்லி அணிக்கோவைக்குத் தாவினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? கேள்வி வங்கியை மனப்பாடம் செய்யும், இல்லை அரியர் வைக்கும். டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளியலில் சேரவே கணிதம் கட்டாயம். இங்கே பல கல்லூரிகளில் கணிதம் இல்லாமலே சேரலாம். அந்தக் கதவு திறந்திருப்பது நல்லது, அதை மூடச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே வந்தவர்களுக்கு முதல் பருவத்திலேயே அடிப்படையைக் கட்டிக்கொடுக்காமல் விட்டால், எம்.ஏ. நுழைவுத்தேர்வில் போய் முட்டிக்கொள்வது அவர்கள்தான்.

பி.காம். பக்கமும் இதே கதைதான். தவணைக் கணக்கு எல்லோரும் போடுகிறார்கள். வண்டிக் கடன் வாங்கும்போது "வருஷத்துக்கு 12 பர்சன்ட், மாசம் நூத்துக்கு ஒரு ரூபா வட்டிதான்" என்று சொன்னால் தலையாட்டிவிடுகிறார்கள். ஒரு லட்சம் கடன், 12,000 வட்டி, 12 மாதத் தவணை, மாதம் 9,333 ரூபாய். முதல் தவணையிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போட்டிருக்கிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி வருடத்துக்கு 21 சதவீதத்தைத் தாண்டும். பாடப்புத்தகச் சூத்திரத்தை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம். அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நாம்தான் சொல்வதில்லை.

நெகிழ்ச்சியும் அப்படித்தான். 2018 ஜனவரியில் தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணம் ஏறி, மாணவர்கள் போராடி, சில நாளில் அரசு கொஞ்சம் குறைத்தது. பத்து ரூபாய் டிக்கெட் பன்னிரண்டானால் நூறு பேரில் எத்தனை பேர் இறங்கிப் போனால் வசூல் குறையும்? எண்பது பேர்தான் மிச்சம் என்றால் 1,000 ரூபாய் 960 ஆகிவிடும். இதை முதலில் போட்டுவிட்டு, சூத்திரத்தை அப்புறம் எழுதினால் போதும்.

இப்படிச் சொன்னால் சிலர் பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷலை இழுப்பார்கள். கணிதத்தைச் சுருக்கெழுத்தாக வைத்துக்கொள், முடிந்ததும் ஆங்கிலத்தில் எழுது, நடைமுறை உதாரணம் காட்டு, பிறகு கணிதத்தைக் கொளுத்திவிடு என்று அவர் 1906-இல் புள்ளியியலாளர் பௌலிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதைக் காட்டி, கணிதமே வேண்டாம் என்கிறார்கள். மார்ஷல் 1865-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் வாங்கியவர். கற்றுத் தேர்ந்தபின் கொளுத்துவது வேறு. அந்தக் கடிதத்தில் நான் பிடித்துக்கொள்வது நடுவில் உள்ள இரண்டு வேலைகளை: பேச்சுமொழிக்குக் கொண்டுவருவது, உதாரணம் காட்டுவது. எங்கள் பாடத்திட்டத்தில் விடுபட்டுப்போனது அந்த இரண்டும்தான்.

அடுத்த மாதம் பாடத்திட்டக் குழு கூடுகிறது. ஒன்றே ஒன்று கேட்கப் போகிறேன். ஒவ்வொரு பத்து மதிப்பெண் கணக்கிலும் எட்டு மதிப்பெண் கணக்குக்கு, இரண்டு மதிப்பெண் "இந்த விடைக்கு என்ன பொருள், உன் சொந்த வார்த்தையில் எழுது" என்பதற்கு. தமிழில் எழுதினாலும் சரி. திருத்துவது கஷ்டம், ஆளுக்கு ஆள் மார்க் மாறும் என்று சொல்வார்கள். மாறட்டும், பேசிச் சரிசெய்துகொள்ளலாம். உங்கள் கல்லூரியில் இப்படிக் கேள்வி கேட்டுப் பார்த்திருந்தால், அந்தக் கேள்வித்தாளை எனக்கு அனுப்புங்கள். கூட்டத்துக்குக் கையோடு எடுத்துப் போகிறேன்.