எச்.பி.வி. தடுப்பூசி போட்டால் குழந்தை பிறக்காதா?

“பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. ஊசி போடாதீர்கள், பிற்காலத்தில் குழந்தை பிறக்காது. ஆந்திராவில் சிறுமிகளே செத்திருக்கிறார்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. எச்.பி.வி. என்பது கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்; அதைத் தடுக்கத்தான் இந்த ஊசி. இதனால் மலட்டுத்தன்மை வரும் என்பது பொய். ஊசிக்குள் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும்தான் இருக்கிறது, அதனால் தொற்றை உண்டாக்க முடியாது. கருப்பையையோ சினைப்பையையோ அது பாதிப்பதில்லை. 2006 முதல் பல நாடுகளில் கோடிக்கணக்கான பெண்களுக்குப் போட்டாயிற்று. கை வலி, லேசான காய்ச்சல், சிலருக்கு ஊசி போட்டவுடன் மயக்கம் வரும், அவ்வளவுதான். கடும் ஒவ்வாமை மிக அபூர்வம்.

சரி, அந்த மரணங்கள்? 2009-10இல் ஆந்திராவிலும் குஜராத்திலும் நடந்த தடுப்பூசித் திட்டத்தில் 7 சிறுமிகள் இறந்தது உண்மை. ஆனால் விசாரணையில் தெரிந்த காரணங்கள் வேறு: பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து குடித்தது, மலேரியா போன்றவை. இறப்புக்கு ஊசி காரணமென்று கண்டறியப்படவில்லை. அந்தத் திட்டத்தில் பெரிய தவறு நடந்தது, அதையும் மறைக்கக் கூடாது. பல சிறுமிகளுக்குப் பெற்றோரைக் கேட்காமல் மாணவியர் விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றக் குழு 2013இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கோபம் நியாயமானது. அதைக் காட்டி ஊசியையே விஷம் என்பதுதான் அநியாயம்.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமான எச்.பி.வி. 16, 18 வகை வைரஸ்களை இந்த ஊசி தடுக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது. புற்றுநோயை உண்டாக்கும் மற்ற வகை வைரஸ்களும் இருப்பதால், ஊசி போட்டவர்களும் முப்பது வயதுக்குப் பின் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.